தொண்ணூற்றேழு பேரின் வரிசை

முன்னொரு காலத்தில், மழை பொய்த்துப்போன ஒரு நாட்டில், எதுவும் வரிசை பிசகாமல் இருக்க வேண்டும் என்ற பித்துப் பிடித்த ராஜா ஒருவர் இருந்தார். அவர் தோட்டத்துத் தென்னைகள்கூட நூல் பிடித்தாற்போலத்தான் நிற்கும். அந்தத் தோட்டத்துக்கென்று ஒரு குளம். நாடே வறண்டு கிடந்தபோதும் அதில் மட்டும் தண்ணீர் தளும்பியது.

கீழ்க்கரை என்ற சிற்றூரின் ஜனங்கள், மாடுகள் செத்து விழுவதைப் பார்க்கப் பொறுக்காமல், ஒருநாள் அந்தக் குளத்தின் மதகைத் திறந்துவிட்டார்கள். சேவகர்கள் அவர்கள் கைகளைக் கட்டி அரண்மனை முற்றத்துக்கு ஓட்டி வந்தார்கள். தொண்ணூற்றேழு பேர்.

அரசவை விகடகவி ஒற்றியூரன் பிறந்த ஊர் அது. கட்டுண்டு நின்றவர்களில் அவனை எடுத்து வளர்த்த அக்கா நாச்சியும் இருந்தாள். அவளைக் கண்டதும் அவனுக்கு விகடமெல்லாம் மறந்துபோயிற்று. நெடுஞ்சாண்கிடையாக ராஜாவின் காலில் விழுந்தான்.

அமைச்சர் விழுப்பரையருக்கு அவனைக் கண்டாலே வயிறு எரியும். அவர் முன்னால் வந்தார்.

"மன்னா, முற்றத்தில் கட்டுண்டு நிற்கும் கைதிகளை இவனே சம வரிசைகளாக நிறுத்திக் காட்டட்டும். வரிசைக்கு வரிசை ஆள் கூடவோ குறையவோ கூடாது. ஒருவரும் மிஞ்சக் கூடாது. எல்லோரையும் ஒரே வரிசையாக நிறுத்துவதும், ஆளுக்கொரு வரிசை என்பதும் செல்லாது. பொழுது சாய்வதற்குள் நிறுத்திவிட்டால் அனைவருக்கும் விடுதலை. இல்லையேல் அத்தனை தலையும் உருளட்டும்."

ராஜாவின் முகம் மலர்ந்தது. "அருமையான யோசனை! ஒற்றியூரா, நீ ஒருவரைச் சேர்க்கவும் கூடாது, நீக்கவும் கூடாது."

ஒற்றியூரன் முற்றத்துக்கு இறங்கினான். இரண்டிரண்டாக நிறுத்தினான், ஒருவர் மிஞ்சினார். இரண்டு ஒத்துவராதபோது நாலும் ஆறும் எட்டும் எப்படி ஒத்துவரும்? ஒன்பதும் ஏழும் கூட்டினால் பதினாறு. அது மூன்றில் அடங்காது. ஆகவே மூன்றும் இல்லை, ஒன்பதும் இல்லை. கடைசி இலக்கம் ஐந்தோ பூஜ்யமோ அல்ல, ஐந்தும் போயிற்று. பத்துக்கு மேல் பார்ப்பதும் வீண். பத்துப் பத்து நூறாகிவிடும். ஆகவே வரிசைகளோ, வரிசையில் நிற்பவர்களோ, ஏதாவதொன்று பத்துக்குள் இருந்தே தீர வேண்டும்.

மிச்சம் இருந்தது ஏழு. ஏழேழாக நிறுத்தினான். பதின்மூன்று வரிசை நிறைந்தது. பதினான்காவது வரிசையில் ஆறு பேர்தான்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எந்த எண்ணுக்கும் பிடி கொடுக்காத எண் அது. அமைச்சர் தெரிந்தேதான் கேட்டிருக்கிறார்.

"விடுடா தம்பி," என்றாள் நாச்சி. "எத்தன வாட்டி மாத்தி மாத்தி நிக்கிறது? கால் கடுக்குது. சாகுற வரைக்குமாவது உக்கார விடு."

அவன் தலை நிமிர்ந்தான். ஆறு பேர் நின்ற வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, தோட்டத்துக்குள் நடந்தான். விழுப்பரையர் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவர் கண்ணெதிரிலேயே மதகின் பலகையைப் பிடுங்கி எறிந்தான். தண்ணீர் சீறிக்கொண்டு ஓடியது.

விழுப்பரையருக்குக் கோபம் ஒரு பக்கம், ஆனந்தம் ஒரு பக்கம். "பிடியுங்கள் இந்த நாயை! இவனையும் கட்டி, கைதிகளோடு கைதியாக நிறுத்துங்கள்! எல்லோருடனும் சேர்ந்து இவன் தலையும் போகட்டும்!"

சேவகர்கள் கட்டி இழுத்துவந்து தள்ளிய இடத்திலிருந்து, ஒற்றியூரன் தட்டுத்தடுமாறிப் போய்க் கடைசி வரிசையில் ஏழாவது ஆளாக நின்றான்.

பொழுது சாய ராஜா வந்தார். எண்ணிப் பார்த்தார். பதினான்கு வரிசை, வரிசைக்கு ஏழு பேர்.

"மோசடி, மன்னா!" என்று கத்தினார் விழுப்பரையர். "ஓர் ஆள் கூடியிருக்கிறது!"

"கூடியிருப்பது உண்மைதான், மன்னா," என்றான் ஒற்றியூரன். "ஆனால் நான் யாரையும் சேர்க்கவில்லை. சேர்த்தவர் அமைச்சர், சேவகர்களைக் கேளுங்கள். கட்டுண்டு நிற்கும் கைதிகளை நிறுத்தச் சொன்னவரும் அவரே. நானும் கட்டுண்டுதான் நிற்கிறேன்."

ராஜா ஒரு கணம் விழித்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அரசவையும் சேர்ந்து சிரித்தது. விழுப்பரையர் மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

ராஜா கட்டுகளை அவிழ்க்கச் சொல்லி, தம் முத்துமாலையைக் கழற்றி ஒற்றியூரன் கழுத்தில் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"அந்த மதகை அடைக்காமல் விட்டால் போதும், மன்னா."

"திறந்தே கிடக்கட்டும்!" என்று ராஜா மறுபடி சிரித்தார்.

ஊர் ஜனங்களோடு ஒற்றியூரனும் கோட்டை வாசலைத் தாண்டினான். நாச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டா, அந்த மனுசன் உன்னக் கட்டச் சொல்லாம, அங்கயே வெட்டச் சொல்லியிருந்தா?"

அவன் திரும்பி, பின்னால் வந்த ஊர் ஜனங்களைப் பார்த்தான்.

"அப்ப நீங்க தொண்ணூத்தேழு பேருதான் அக்கா," என்றான்.