கொண்டையில் ஐந்து அம்பு

கருங்காட்டுப் பாளையத்தில் கொள்ளையர் பயம் வந்ததும் தளவாய் ஒரு சட்டம் போட்டார். இனி யாருடைய அம்பறாத்தூணியிலும் ஐந்து அம்புக்கு மேல் இருக்கக் கூடாது. கொள்ளையர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. தவித்தவர்கள் வில்போட்டிக்காரர்கள்தான். போட்டியில் சூடம் அணைவதற்குள் பத்துக் கலயங்களை உடைக்க வேண்டும்.

"அஞ்சு அம்புல பத்துக் கலயமா, சாமி?" என்று கேட்டாள் குறிஞ்சேரி வேட்டைக்காரி பூவாயி.

"முடியாதுன்னா உங்க ஊர் வில்லையெல்லாம் கோட்டையில ஒப்படைச்சிட்டுப் போ" என்றார் தளவாய்.

வில் போனால் அந்த ஊருக்கு வேட்டை இல்லை, சோறும் இல்லை.

போட்டியன்று பூவாயி பெரிய கொண்டை போட்டு, அதில் ஐந்து அம்புகளைச் செருகிக்கொண்டு வந்தாள். காவலர் பார்த்தார்கள். ஆனால் தூணியை எண்ணத்தான் அவர்களுக்கு உத்தரவு. எண்ணினார்கள், ஐந்து இருந்தது, விட்டுவிட்டார்கள்.

சூடம் அணைவதற்குள் பத்துக் கலயமும் உடைந்தது. கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடந்தது.

"மோசடி! கொண்டையும் தூணிதான்!" என்று கத்தினார் தளவாய்.

"அப்படியே சட்டம் போடுங்க, சாமி. ஆனா உங்க தலைப்பாகையில இருந்து ஆரம்பிங்க. அதுல அம்பது அம்பு கொள்ளும்."

போட்டியைப் பார்க்க வந்திருந்த பாளையக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன தளவாய், தலைப்பாகையை அவிழ்க்கிறீரா, சட்டத்தை எடுக்கிறீரா?"

தளவாய் இரண்டு கைகளாலும் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார். சட்டம் போயிற்று.

அன்று குறிஞ்சேரியில் எல்லா வில்லும் அதனதன் ஆணியில் தொங்கின. பூவாயி கொண்டை முடியக்கூட மறந்து தூங்கிப்போனாள்.