ஏழாம் கட்டிலில் பச்சை விளக்கு

பெண்கள் வார்டில் பதினான்கு கட்டில்கள், நான்கு மின்விசிறிகள். மருந்து ஆள் மாறிப் போகாமலிருக்க, நோயாளியின் கைப்பட்டையிலும் மருந்து உறையிலும் ரேடியோ சில்லு வைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சில்லைப் படிக்கும் கருவியை இரண்டின் அருகிலும் காட்ட வேண்டும். பொருந்தினால் பச்சை விளக்கு எரியும்.

ஏழாம் கட்டில் பட்டம்மாளுக்குக் கை வீங்கியிருந்தது. பட்டை இறுக்குகிறது என்று அழுதாள். நர்ஸ் நேசமலர் இரக்கப்பட்டு அதைக் கழற்றிக் கட்டில் கம்பியில் கட்டினாள்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு இன்சுலினோடு வந்து, மருந்து உறையிலும் கம்பியிலிருந்த பட்டையிலும் கருவியைக் காட்டினாள். பச்சை. முகத்தை மூடித் தூங்கியவளுக்கு ஊசி போட்டாள்.

படுத்திருந்தது பதினோராம் கட்டில் சௌந்தரவல்லி. அவளுக்குச் சர்க்கரை நோயே இல்லை.

"எனக்கு விசிறிக் காத்து ஆகாது. அவளுக்குக் காத்தில்லாம முடியாது. மாத்திப் படுத்துக்கிட்டோம் தாயி," என்று பட்டம்மாள் எல்லோரிடமும் சொல்லி அழுதாள்.

சர்க்கரை இறங்கி மயங்கிய சௌந்தரவல்லிக்கு மூன்று நாளாகியும் நினைவு திரும்பவில்லை. கருவி பச்சை காட்டியிருக்கிறது, நோயாளிகள் கட்டில் மாறியதே காரணம் என்று நிர்வாகம் எழுதி முடித்தது. பட்டை எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நேசமலரும் சொல்லவில்லை.

நான்காம் நாள், பத்தொன்பது வருடங்களுக்கு முன் தனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்த மேட்ரன் மரியபுஷ்பத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"கருவி சரி என்றுதானே காட்டியது. தவறு என்னுடையதா மேடம்?"

மேட்ரன் கருவியை எடுத்துக்கொண்டார். அவளை ஏழாம் கட்டிலுக்கு அழைத்துப் போனார். கட்டில் காலி; பட்டம்மாள் குளிக்கப் போயிருந்தாள். பட்டை இன்னும் கம்பியில் இருந்தது. கருவியைக் காட்டினார். பட்டம்மாளின் பெயர் வந்தது.

"ஆள் இருக்கிறாளாம். தண்ணீர் கொடு."

நேசமலர் வெறும் மெத்தையைப் பார்த்தாள்.

"கருவி வருவதற்கு முன் என்ன செய்வாய்?"

"எழுப்பி, பெயரைச் சொல்லச் சொல்வேன்."

"அதை விட்டு எத்தனை நாள்?"

"எட்டு மாதம்."

"பெயர் கேட்கிறாயா என்று உன்னை நான் கேட்காததும் எட்டு மாதம்."

இருவரும் போனபோது, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் சௌந்தரவல்லியின் மகள் உட்கார்ந்திருந்தாள். அம்மா காற்றுக்காகக் கட்டில் மாறிய தன் பிடிவாதத்தால் தானே கெடுத்துக்கொண்டாள் என்று நம்பி அழுதுகொண்டிருந்தாள்.

"அவளிடம் என்ன சொல்வது மேடம்?"

"முதலில் உன் பெயரைச் சொல். அடுத்தது என் பெயர்."