மருதமரத்துக் கசம்

ஒரு பரிசுக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடிய கதைகள் ஏராளம் உண்டு. இது ஒரு குற்றத்துக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடிய கதை.

தாமிரபரணிக் கரையில் தூண்டில் போடுகிறவர்களிடம் ஒரு வழக்கம். பை எவ்வளவு கனத்தாலும் எங்கே பிடித்தது என்று கேட்கக் கூடாது. கேட்டாலும் "ஆத்துலதான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால், லேத் பட்டறை வைத்திருக்கும் தளவாயை பழைய தூண்டில்காரரான மிக்கேல் அண்ணாச்சி ஒருநாள் தன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் ஓர் இடத்தைக் காட்டியது சாதாரண விஷயமில்லை. வளைந்து தண்ணீரைத் தொடும் மருதமரம். அதனடியில் கோடையிலும் வற்றாத ஆழமான கசம். அன்று மிக்கேல் இரண்டு விஷயம் சொன்னார்.

"ஒண்ணு, இந்த இடம் உம்மோட இருக்கட்டும், வே. இன்னொண்ணு, தண்ணி மேல செவப்பா கொதிக்க மாதிரி தெரிஞ்சா தூண்டிலைச் சுருட்டிரும். அது விரால் குஞ்சு. தாயும் தகப்பனும் கீழேயே காவல் நிக்கும். பக்கத்துல எது விழுந்தாலும் பாஞ்சு கடிக்கும். பசியில இல்ல, பதைப்புல. அந்த நேரத்துல பிடிக்கதுல என்னவே சாமர்த்தியம்?"

ஒன்பது வருடம் தளவாய் இரண்டையும் காப்பாற்றினார்.

இந்த ஐப்பசியில், முதல் மழை விட்ட திங்கட்கிழமை காலை, தளவாய் கசத்துக்குப் போனார். மருதமரத்தின் நிழலில் குங்குமத்தைக் கரைத்து ஊற்றியது போல ஒரு வட்டம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நனையாத தூண்டிலோடு வீட்டுக்கு வந்தார். "உம்ம மூஞ்சியப் பாத்து மீனெல்லாம் ஓடிட்டாக்கும்?" என்று மனைவி சிரித்தாள்.

புதன்கிழமை உலகநாதன் பட்டறைக்கு வந்தார். பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். ஒரு வருடமாகத்தான் பாலத்தடியில் உட்கார்ந்து ஜிலேபிக் கெண்டை பிடிக்கிறார். அவர் மனைவி ஆவுடைக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி இருபது நாளாகியும் புண் காயவில்லை.

"ஆத்து விரால் குடுத்தா ஆறிரும்னு எல்லாரும் சொல்லுதாவ, அண்ணாச்சி. சந்தையில கிடைக்கது எல்லாம் பண்ணை மீனா இருக்கு."

எங்கே கிடைக்கும் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. மேசையில் கிடந்த இரும்புத் துருவலை விரலால் ஒதுக்கியபடி நின்றார். தளவாய் அதைப் பார்த்தார். இயந்திரத்தை நிறுத்தினார். செங்கல் சூளை தாண்டி இடது பக்கம் இறங்கும் தடம், மருதமரம், தவளையைக் கோக்கும் விதம், தக்கையை எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் கிட்டே வந்து, "நான் சொன்னேன்னு யார்ட்டயும் மூச்சு விடக் கூடாது" என்றார். உலகநாதன் வாசலைத் தாண்டும்வரை இதையே மூன்று தடவை சொன்னார்.

வெள்ளிக்கிழமை மதியம் மிக்கேல் தளவாயின் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது, உலகநாதன் ஒரு தூக்குவாளியோடு வந்து சேர்ந்தார். மூடியைத் திறந்ததும் விரால் குழம்பு மணத்தது.

"எங்கவே பிடிச்சீரு?" என்று மிக்கேல் வேண்டுமென்றே கேட்டார்.

"ஆத்துலதான்."

"பரவாயில்லையே, தொழிலைப் படிச்சிட்டீரே!"

சிரிப்பு அடங்குவதற்குள் உலகநாதன் சந்தோஷம் தாங்காமல் தொடர்ந்தார். "ரெண்டு, அண்ணாச்சி! முதல் மீனை எடுத்துப் போடதுக்குள்ள அடுத்தது அதே இடத்துல பாஞ்சு கடிக்கு. தண்ணி மேல ஒரே செவப்பு, கொதிக்க மாதிரி. அதுக்கு நடுவுலதான் போட்டேன்."

மிக்கேலின் முகம் மாறியது. அது என்ன சிவப்பு என்று மெதுவாகச் சொன்னார். உலகநாதன் வாளியின் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"அப்ப அந்தக் குஞ்செல்லாம்?"

"காவல் போச்சுல்லா. கெண்டையும் கெளுத்தியும் விட்டு வைக்குமா?"

"தாயும் தகப்பனுமாக் கொன்னது இந்தக் கைதானே. பாவம் என்னோடதுதான்" என்றார் உலகநாதன்.

"தெரியாதவருக்கு என்னவே பாவம்? குஞ்சு விஷயத்தை நான் ஊர் பூராச் சொல்லியிருக்கணும். இடத்தைப் பொத்தி வைக்கப் போயி அதையும் சேத்துப் பொத்தி வச்சேன். தப்பு என்னோடது" என்றார் மிக்கேல்.

"இல்ல, அண்ணாச்சி. நீங்க காட்டுன இடத்தைச் சொன்னது நான். வாக்குத் தவறிட்டேன்" என்றார் தளவாய்.

மிக்கேல் அவர் தோளில் கை வைத்தார். "ஒருத்தி புண்ணோட கெடக்கா. நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன். விடும், வே."

தளவாய் தலை குனிந்துகொண்டார். உலகநாதன் கையிலிருந்த மூடியை வாங்கித் தூக்குவாளியை மூடி வைத்தார்.

கொன்றவர் ஒருவர், மறைத்தவர் ஒருவர், வாக்கை மீறியவர் ஒருவர். ஒவ்வொருவரும் அது தன்னுடையது என்கிறார். அந்தக் குற்றம் உண்மையில் யாருடையது?

விடை: தளவாயுடையது. ஆனால் அவர் ஒப்புக்கொண்ட குற்றமல்ல அது. மிக்கேல் மன்னித்ததும் அதையல்ல. நோயாளி ஒருத்திக்காக இடத்தைச் சொன்னதில் தவறில்லை. திங்கட்கிழமை அந்தச் சிவப்பைப் பார்த்துத் தன் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வந்தவர், புதன்கிழமை அதே இடத்துக்கு இன்னொருவரை அனுப்பினார். மூன்று தடவை எச்சரித்தாரே, அது தன் பெயரைக் காப்பாற்ற. குஞ்சுகளைக் காப்பாற்ற, அந்தச் சிவப்பைப் பற்றி ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். அப்படிச் சொல்லியிருந்தால் உலகநாதன் போயிருக்க மாட்டார். உதவினோம் என்ற நிறைவும் தளவாய்க்குக் கிடைத்திருக்காது. ஆவுடைக்குப் புண் ஆறிவிட்டதாம். தூக்குவாளி மட்டும் இன்னும் தளவாய் வீட்டு அடுப்படியில், கழுவிக் கவிழ்த்தபடியே இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அவர்கள் நன்றி சொல்வார்கள்.