கலெக்டருக்குக் கீரை பழக்கிய கதை

மேலத்துரவு ஊரில் வெள்ளையடிக்கும் சகோதரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவர் பேச்சிமுத்து, நடுவுள்ளவர் செண்பகராமன், இளையவன் பலவேசம். அவர்களைப் பற்றி ஊரில் யாரும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வார்கள். சொன்னபடி மட்டும்தான் செய்வார்கள் என்பதுதான் சங்கடம். ஒருமுறை மிராசுதார் ஒருவர், "ஒரு இடம் விடாம அடிச்சிருங்கப்பா" என்று சொல்லிவிட்டு வெளியூர் போனார். திரும்பி வந்து பார்த்தால் சுவர், ஜன்னல், நிலைக்கண்ணாடி, ஊஞ்சலில் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய மாமனார் எல்லாம் ஒரே வெள்ளை.

மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் இருந்த நாலாவது ஜீவன் ஒரு கொண்டைக்கிளி. கப்பலில் வேலை பார்த்த தாய்மாமன் கொண்டுவந்து கொடுத்தது. பால் வெள்ளை உடம்பு, தலையில் மஞ்சள் கொண்டை. அது கொண்டையை விரித்துக்கொண்டு நடந்து வந்தால் இவர்கள் மூன்று பேரும் தானாக எழுந்து நிற்பார்கள். அதனால் கலெக்டர் என்று பெயர் வைத்தார்கள். மரியாதை விட்டுப் பேசமாட்டார்கள்.

கலெக்டர் சாப்பாட்டில் மகா பிடிவாதக்காரர். சூரியகாந்தி விதை, காராச்சேவு. இந்த இரண்டைத் தவிர வேறு எதை வைத்தாலும் காலால் எடுத்து, மோந்து பார்த்து, வைத்தவர் முகத்திலேயே எறிவார். இப்படியே தின்று தின்று பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டார். ஒருநாள் காலையில் கம்பியில் உட்கார்ந்திருந்தவர் தொப்பென்று கீழே விழுந்து, எழ முடியாமல் மூச்சு வாங்கினார். பலவேசம் ஓவென்று அழுதுவிட்டான்.

மூவரும் மாட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் கிளியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"கல்லீரல்ல கொழுப்பு ஏறியிருக்கு. இனிமே அந்த விதையை இது கண்ணிலேயே காட்டாதீங்க. காய்கறி, கீரையெல்லாம் மெதுவாப் பழக்குங்க. தினமும் எடை பார்த்து எழுதி வைங்க. இல்லைன்னா உசுருக்கு நான் ஜவாப்தாரி இல்லை."

வீட்டுக்கு வந்ததும் ஆலோசனை நடந்தது.

"கண்ணிலே காட்டக் கூடாதுன்னாரே, எப்படிண்ணே?" என்றான் பலவேசம்.

"கலெக்டரு கண்ணை மூடிக்கிடணும், அவ்வளவுதானல" என்றார் பேச்சிமுத்து.

கலெக்டருக்குக் கழுத்துக்குக் கீழே சொறிந்துவிட்டால் சொக்கிப்போய்க் கண்ணை மூடிக்கொள்வார். பலவேசம் சொறிய, செண்பகராமன் விதையை ஒவ்வொன்றாக அலகில் வைத்தார். மூன்று நாளில் ஒன்றரைக் கிலோ விதை உள்ளே போனது. ஒரு விதையைக்கூடக் கலெக்டர் கண்ணால் பார்க்கவில்லை.

அடுத்தது கீரை. பலவேசம் ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கூண்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.

"ஐயா, இவங்க முருங்கைக்கீரை. நம்ம கொல்லையிலேதான் இருக்காங்க. அம்மா, இவருதான் கலெக்டர்."

இரண்டு பக்கமும் பேச்சில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கலெக்டர் கீரைக்கட்டின் வாழைநாரைக் கடித்து இழுத்து, கீரையைக் கூடம் முழுக்க இறைத்தார்.

"பார்த்தியா, கையைப் பிடிச்சு இழுத்து விளையாடுற அளவுக்குப் பழகிட்டாரு" என்று பேச்சிமுத்து சந்தோஷப்பட்டார். "இன்னும் ரெண்டு நாள் பழகட்டும். அவசரப்படுத்தாதீங்க."

எடைதான் அவர்களை மிரள வைத்தது. அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருந்தது. கலெக்டர் தனியாக ஏற மாட்டேன் என்று கத்தியதால், முதல்நாள் செண்பகராமன் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினார். அவர் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி இருப்பார். நாற்பத்தெட்டு கிலோ. எழுதிக்கொண்டார்கள். மறுநாள் பேச்சிமுத்து தூக்கிக்கொண்டு ஏறினார். எண்பத்துமூன்று.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஒரே நாள்ல முப்பத்தஞ்சு கிலோவா!" என்றார் செண்பகராமன். "நேத்து என்ன சாப்பிட்டாரு?"

"விதை போக, ஒரே ஒரு முருங்கை இலை அலகிலே ஒட்டியிருந்துச்சு" என்றான் பலவேசம்.

"ஒரு இலைக்கே இவ்வளவு சத்தா!"

அன்றைக்கே செண்பகராமன் யாருக்கும் தெரியாமல் கொல்லைக்குப் போய் முருங்கை மரத்தில் பாதியை மொட்டையடித்துத் தின்றார். இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை.

மூன்றாம் நாள் பலவேசம் மட்டும் மண்டிக்குப் போனான். அறுபது கிலோ. "அண்ணே, கலெக்டரு இருபத்துமூணு கிலோ இளைச்சுட்டாரு!" என்று மூச்சிரைக்க ஓடி வந்தான். கலெக்டர் அப்போது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

இளைத்தாரே என்ற சந்தோஷம் நிலைக்கவில்லை. கலெக்டர் இரண்டு படி இறங்குவதற்குள் நாலு தடவை உட்கார்ந்தார். இரவெல்லாம் மூச்சு உஸ் உஸ்ஸென்று கேட்டது. பேச்சிமுத்து சோறு தொடவில்லை. மறுபடியும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னய்யா இது, முன்னைவிடக் குண்டா இருக்கு? வாயைக் கட்டணும்யா, வாயைக் கட்டணும்! அப்பத்தான் பிழைக்கும். காரட், பீன்ஸ், கொத்தவரங்காயெல்லாம் நறுக்கித் தட்டுல வச்சுக்கிட்டு இது முன்னாடி உட்காருங்க. பார்த்துப் பார்த்துத் தானா வரும்."

அன்று நடந்த ஆலோசனை மாதிரி அந்த வீட்டில் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை.

"வாயைக் கட்டணும்னாரு. சரி, கலெக்டருக்கு வாய் எங்கே இருக்கு?" என்று ஆரம்பித்தார் பேச்சிமுத்து.

பலவேசம் சுற்றிவந்து பார்த்தான். "அலகுதாண்ணே இருக்கு."

"அலகு வேற, வாய் வேற. டாக்டரு படிச்சவரு. அலகைக் கட்டணும்னா அலகுன்னே சொல்லியிருப்பாரு."

"அப்ப இந்த வீட்டிலே வாய் இருக்கிறது யாருக்கு?" என்றார் செண்பகராமன்.

மூவரும் மெதுவாக அவரவர் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

"கலெக்டரு பிழைக்கணும்னா என்ன வேணாலும் செய்யலாம்" என்றான் பலவேசம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அதுதான் அன்றைக்கு அவன் பேசிய கடைசிப் பேச்சு. பேச்சிமுத்து அவன் வாயில் துண்டைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டார்.

மூன்று பேரும் வாயைக் கட்டிக்கொண்டு, மடியில் ஆளுக்கொரு காய்கறித் தட்டுடன் கலெக்டர் முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். வேலைக்குப் போகவில்லை. காலைப் பலகாரமும் இல்லை, மத்தியானச் சோறும் இல்லை. பொழுது ஏற ஏறப் பசி வயிற்றைக் கிள்ளியது. மூவர் கண்ணும் தட்டிலேயே குத்தி நின்றன. கொத்தவரங்காயை யாரும் அவ்வளவு ஆசையாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கலெக்டருக்கு இது பொறுக்கவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தார். மூன்று பேர் இப்படி முறைத்துப் பார்க்கிற பொருள் சாதாரணப் பொருளாக இருக்குமா? விறுவிறுவென்று நடந்துவந்து பேச்சிமுத்து தட்டிலிருந்து ஒரு காரட்டைப் பறித்தார்.

"ம்ம்ம்!" என்றார் பேச்சிமுத்து.

"ம்ம்! ம்ம்!" என்று மற்ற இருவரும் கையை ஆட்டினார்கள்.

திருடின பொருளுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றதும் கலெக்டருக்கு ஒரே குஷி. காரட்டைத் தின்றார். பீன்ஸைத் தின்றார். அன்று முதல் தினமும் இதே திருட்டு. விதையையும் காராச்சேவையும் மறந்தே போனார். கலெக்டர் தூங்கின பிறகு மட்டும் துண்டை அவிழ்த்து ஆளுக்கொரு சொம்பு கஞ்சி குடித்துக்கொள்வார்கள். ஏதோ பெரிய விரதம் என்று நினைத்த ஊர்க்காரர்கள் வாசலில் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஒன்றரை மாதத்தில் கலெக்டர் சிக்கென்று ஆகி, தெருவைச் சுற்றிப் பறந்து வந்தார். துண்டு கட்டின வாயோடு மூவரும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள்.

"வாயில என்னய்யா துண்டு? அவுத்துடுங்க" என்றார் டாக்டர். அவிழ்த்தார்கள். கிளியைச் சோதித்தவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "பிரமாதம்! நான் சொன்னதை ஒழுங்காக் கேட்டிருக்கீங்க. இப்படியே இருங்க, போதும்."

அந்த நேரம் பேச்சிமுத்து கும்பிட்டபடி குனிந்திருந்தார். செண்பகராமன் முள் எடுக்க ஒரு காலைத் தூக்கியிருந்தார். ஆஸ்பத்திரி வாசல் கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்துவிட்டுத் தச்சர் டீ குடிக்கப் போயிருந்ததால், அது விழாமல் பலவேசம் பிடித்துக்கொண்டு நின்றான். மூவரும் இப்படியே இருந்தார்கள்.

ஒரு எருமைக்கு ஊசி போட்டு முடித்துவிட்டு டாக்டர் திரும்பிப் பார்த்தார். "இன்னும் என்னய்யா நிக்கிறீங்க?"

"ஐயாதான் இப்படியே இருக்கச் சொன்னீங்க" என்றார் பேச்சிமுத்து, நிமிராமல்.

"அட கஷ்டமே! சரி, அப்படியே வீட்டுக்குப் போங்க!"

அப்படியே போனார்கள். முன்னால் பேச்சிமுத்து குனிந்தபடி, அவர் முதுகில் கலெக்டர். பின்னால் செண்பகராமன் ஒற்றைக்காலில் நொண்டியடித்து. கடைசியில் பலவேசம், கதவோடு.

கடைத்தெரு தாண்டும்போது பின்னாலிருந்து டாக்டர் கத்திக்கொண்டு ஓடி வந்தார். "கதவு! யோவ், கதவு!"

"ஏல பலவேசம்" என்றார் பேச்சிமுத்து, "டாக்டரு கதவைச் சாத்தச் சொல்லுதாரு."

பலவேசம் நடுத்தெருவில் கதவை நிறுத்திச் சாத்தினான். மூவரும் இந்தப் பக்கமிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஆடுகள் இரண்டு பக்கமும் விலகிப் போய்க்கொண்டிருந்தன. வேகமாக ஓடிவந்த டாக்டர் கதவுக்கு முன்னால் சட்டென்று நின்றார். வியர்வையைத் துடைத்தார். பிறகு, என்ன தோன்றியதோ, கதவைத் தட்டினார்.

"யாரது?" என்றார் பேச்சிமுத்து.

"நான்தான்யா, டாக்டர்!"

"டாக்டரு இங்கே இல்லீங்களே" என்றான் பலவேசம் பணிவாக. "ஆஸ்பத்திரிக்குப் போங்க. வாசல் திறந்துதான் கிடக்கு."