காலணா பெறாத தகவல்

செல்போனில் ரேக்ளா வண்டி ஓட்டும் விளையாட்டு ஒன்றை நடத்திவந்தார் ஆதிமூலம். அதை ஆடுகிறவர்கள் எப்போது தூங்குகிறார்கள், எங்கே சுற்றுகிறார்கள், எதற்கு ஆசைப்படுகிறார்கள் என்பதெல்லாம் அவர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆட்டக்காரர்களுக்காக அவர் மதுரையில் ஒரு விழா எடுத்தார். நெல்லையில் ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்க்கும் இசக்கியம்மாள் அங்கே எழுந்து நின்றாள். "எங்க தகவலை யாருக்கு, என்ன விலைக்குக் கொடுக்கணும்னு நாங்களே முடிவு பண்றோம் சார்" என்றாள்.

ஆதிமூலம் மைக்கிலேயே சிரித்தார். "நீ எப்பக் கொட்டாவி விடுறேன்னு தெரிஞ்சு யாருக்கும்மா லாபம்? அதுக்குக் காலணா மதிப்பு இருக்குன்னு இப்பவே நிரூபி, கேட்டதைத் தர்றேன். முடியலேன்னா இனிமே நீ இந்த விளையாட்டை ஆடக் கூடாது."

இசக்கியம்மாள் பணிவாகச் சொன்னாள்: "மதிப்பில்லாததை நீங்க ஏன் சார் சுமக்கணும்? எங்க எல்லாரோடதையும் இப்பவே அழிச்சிருங்க."

கூடியிருந்த ஆட்டக்காரர்களும் அதையே சொன்னார்கள்.

"அதுக்கென்ன, அழிச்சாப் போச்சு" என்று ஆதிமூலம் வீறாப்பாகச் சொன்னதுதான் தாமதம், முன்வரிசையிலிருந்த பிஸ்கட் கம்பெனி மேலாளர் பதறி எழுந்தார். "அந்தத் தகவலுக்குத்தானே சார் உங்ககிட்ட பணம் கட்டியிருக்கோம். அழிக்கிறதுன்னா எங்க பணத்தை எடுத்து வைங்க."

அரங்கமே சிரித்தது. எல்லார் முன்னாலும் கொடுத்த வாக்கை ஆதிமூலம் விழுங்க முடியவில்லை. அனுமதியும் விலையும் ஆட்டக்காரர்கள் கைக்கு வந்தன.

மறுவாரம் அவரே இசக்கியம்மாளுக்குப் போன் போட்டார். "உங்க தகவலை எனக்கு என்ன விலைக்குத் தருவீங்கம்மா?"

"பிஸ்கட்காரருக்குக் கொடுத்தாச்சு சார். உங்களுக்கு விக்கத்தான் மனசு வரலை. காலணா பெறாததை உங்க தலையில கட்டினா, அது ஏமாத்து வேலை இல்லையா?"