இரவல் வாங்கிய எட்டு ஆட்டக்காரர்கள்

கொன்றை நாடு என்று ஒரு நாடு. நாடு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கிழக்குக் கோட்டை வாசலில் ஒருவன் தும்மினால், மேற்குக் கோட்டை வாசலில் இருப்பவன் "நூறாயுசு" என்பான். அதன் மன்னர் கொற்றவேலருக்கு இரண்டே ஆசைகள். ஒன்று கால்பந்து, இன்னொன்று அதில் ஜெயிப்பது. முதல் ஆசை தினமும் நிறைவேறியது. இரண்டாவது ஒரு நாளும் நிறைவேறவில்லை. அந்தக் காலத்தில் ஏது கால்பந்து என்று கேட்பவர்கள் எழுந்து போகலாம். மற்றவர்கள் வசதியாக உட்காருங்கள்.

கொன்றை நாட்டு அணி மரியாதை தெரிந்த அணி. எதிரி பந்தோடு வந்தால் ஒதுங்கி வழிவிடும்.

இந்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு, அரசவை விகடர் வெள்ளியங்கிரி ஒரு நாள் சும்மா இருக்காமல் வாயைத் திறந்தார். "மகாராஜா, பக்கத்துப் பெருமலை நாட்டில் ஆட்டக்காரர்கள் ஆட இடமில்லாமல் வரிசையில் நிற்கிறார்களாம். எட்டுப் பேரை இரவல் கேட்டால் என்ன?"

கேட்டார்கள். பெருமலை ராஜாவும் கொடுத்தார். எப்போது கேட்டாலும் திருப்பித் தரவேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

அப்புறம் பார்க்கவேண்டுமே! ஆடிய ஆட்டமெல்லாம் வெற்றி. மன்னர் மீசையை முறுக்கி முறுக்கி அதன் நுனி காதைத் தொட்டது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதையாக, பழைய ஆட்டக்காரர்களைச் சமையற்கட்டுக்கும் குதிரை லாயத்துக்கும் அனுப்பிவிட்டார்.

பந்தயங்கள் பாதி முடிந்திருந்தபோது பெருமலைத் தூதன் வந்து நின்றான்.

"நாளை எல்லை மைதானத்தில் உங்களுக்கும் எங்களுக்கும் ஆட்டம். எங்கள் எட்டுப் பேரையும் காலையில் அனுப்பிவிடுங்கள். அவர்கள் எங்கள் பக்கம் ஆடுவார்கள்."

அந்த ஆட்டத்தில் தோற்கும் ராஜா, ஜெயித்த ராஜாவுக்கு ஊர்வலத்தில் குடை பிடிக்கவேண்டும். அது பரம்பரை வழக்கம்.

மன்னரின் மீசை இறங்கியது. கண் வெள்ளியங்கிரியின் மேல் நின்றது.

"இரவல் வாங்கச் சொன்னது யார்?"

"அடியேனின் நாக்கு, மகாராஜா. அடியேன் அப்போதே அதை அடக்கிப் பார்த்தேன்."

"வாக்குக் கொடுத்திருக்கிறோம். எட்டுப் பேரையும் அனுப்பியே ஆகவேண்டும். ஆனால் நான் குடை பிடிக்கக்கூடாது. பிடித்தால், மறுநாள் நீ இந்த நாட்டில் இருக்கக்கூடாது. சமையற்கட்டுக்கும் லாயத்துக்கும் போனவர்களையே திரும்பக் கூப்பிடு. கோல் காக்கத்தான் ஆள் இல்லை. நீயே நில்!"

வெள்ளியங்கிரி வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்ட மனைவி அங்காயி சிரியோ சிரி என்று சிரித்தாள்.

"நீங்க கோல் காக்கப் போறீங்களா? நம்ம வீட்டுக் கோழியையே காக்கத் தெரியலை! நாக்குல சனியை வச்சுக்கிட்டு அலைஞ்சா இப்படித்தான்."

சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, அதில் நாலு பணியாரத்தை எடுத்து வைத்தாள்.

"அவங்க கிண்ணத்தைக் குடுக்க நம்ம பணியாரம் எதுக்கு?"

"இரவல் வாங்குன பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுப்பாங்களா? குடும்பத்துக்கு ஆகாது."

வெள்ளியங்கிரி துள்ளி எழுந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் அரண்மனைச் சமையற்கட்டுக்கு ஓடினார்.

மறுநாள் விடிந்ததும் எட்டுத் தலைவாழை இலைகள் விழுந்தன. தூதன் பதறினான். "ஐயா, நேரமாகிறது! இதெல்லாம் எதற்கு?"

"தம்பி, இரவல் வாங்கிய பாத்திரத்தையே வெறுமையாகத் திருப்பித் தராத ஊர் இது. ஆட்களை வெறும் வயிற்றோடு அனுப்பி உங்கள் ராஜாவை அவமதிக்கச் சொல்கிறாயா? ஏய், தம்பிக்கும் ஓர் இலை போடு!"

பெருமலையில் ஆட்டக்காரர்களுக்கு மூன்று வேளையும் கொள்ளுக் கஞ்சிதான். இங்கே நெய் ஆறாக ஓடியது. அதிரசம் மலையாகக் குவிந்தது. ஒருவன் போதும் என்று எழுந்தான். வெள்ளியங்கிரி அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தார். "பாத்திரம் இன்னும் முக்கால்தான் நிறைந்திருக்கிறது. இன்னொரு கரண்டி பாயசம்!"

ஆட்டம் தொடங்கியது. எட்டுப் பேரும் நடக்கவே மூச்சு வாங்கினார்கள். அவர்களில் கோல் காப்பவன் கம்பத்தில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டான்.

நம்மவர்கள் கோல் மேல் கோல் போட்டிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. காலியாகக் கிடந்த கோலுக்குள் அடிக்கச் சொன்னால் வானத்தைப் பார்த்து அடித்தார்கள். சமையல்காரர் ஒருவர் ஆட்டத்தை விட்டுவிட்டு, எதிரிக்கு வெந்நீர் வேண்டுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடியும் நேரம். விருந்து சாப்பிடாத பெருமலைக்காரன் ஒருவன் பந்தை ஓங்கி உதைத்தான். வெள்ளியங்கிரி கண்களை இறுக மூடிக்கொண்டு "அங்காயீ!" என்று அலறினார். பந்து அவர் தொப்பையில் மோதித் திரும்பிப் பறந்தது. பாதி மைதானத்தில் விழுந்து, மெல்ல உருண்டது. எட்டுப் பேரில் விழித்திருந்தவர்கள் குனியக்கூட முடியாமல் அது போவதை வேடிக்கை பார்த்தார்கள். பந்து தூங்கியவனின் காலோரமாக உருண்டு கோலுக்குள் போய்விட்டது!

கூட்டம் ஆர்ப்பரித்தது. அடிக்கத்தான் வருகிறார்கள் என்று வெள்ளியங்கிரி ஓட்டமெடுத்தார். பிடித்துவந்து தோளில் தூக்கிய பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது.

பெருமலை ராஜா கொதித்தார். "என் ஆட்களை என்ன செய்தீர்கள்?"

"வெறுமையாகத் திருப்பித் தரவில்லை, அரசே. வேண்டுமானால் உங்கள் தூதரையே கேளுங்கள்" என்றார் வெள்ளியங்கிரி.

தூதன் வாயைத் திறந்தான். பெரிய ஏப்பம் ஒன்றுதான் வந்தது. பெருமலை ராஜா குடையைக் கையில் எடுத்தார்.

ஊர்வலத்தில் கொற்றவேலர் பழக்க தோஷத்தில் மீசைக்குக் கையைக் கொண்டுபோனார். பாதியில் நிறுத்திச் சிரித்துவிட்டார்.

"வெள்ளியங்கிரி, இரவல் கால்கள் ஜெயித்ததற்கு நான் மீசையை முறுக்கினேன். இன்று ஜெயித்தது உன் தொப்பை. இனி நம் ஆட்களையே பழக்குவோம். உனக்கு என்ன வேண்டும், கேள்!"

வெள்ளியங்கிரி கைகட்டி நின்றார்.

"மகாராஜா, கோல் காக்க ஆளில்லை என்று அடியேனை அங்காயியிடமிருந்து இரவல் வாங்கினீர்கள். எட்டுப் பேருக்கும் பரிமாறியதில் அடியேனுக்கு ஒரு வாய்ச் சோறுகூட மிஞ்சவில்லை. இப்படியே வெறும் பாத்திரமாகத் திருப்பி அனுப்பினால், குடும்பத்துக்கு ஆகாது!"

கொற்றவேலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் தலைக்கு மேல் குடையும் சேர்ந்து குலுங்கியது.