பாறையில் வீட்டு வழி எழுதிய நண்டு

நாணலாற்றங்கரையில் ஒரு வழுக்குப்பாறை இருந்தது. துணை தேடுகிறவர்கள் நத்தையிடம் போய்த் தங்களைப் பற்றிச் சொல்வார்கள். நத்தை பாறைமேல் ஊர்ந்து ஊர்ந்து, தன் வெள்ளிக் கோட்டால் அதை எழுதிவைக்கும். பிடித்தவர்கள் அதன் கீழே பதில் எழுதச் சொல்லலாம். யார் சொல்கிறார்கள் என்று நத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. சொன்னதை எழுதுவதோடு சரி.

பாறை முழுக்க வண்டி வண்டியாகப் பொய். பேரன் எடுத்த தேரை, 'துள்ளும் இளைஞன்' என்று போட்டிருந்தது. ஆமை தனக்கு நடனம் வரும் என்றது.

மிளகி என்ற நண்டுக்கு இதையெல்லாம் பார்த்துப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின மாதம், 'இரண்டு பெரிய கொடுக்கு உள்ளவன்' என்று எழுதிய மாப்பிள்ளை, ஒரு கொடுக்கோடும் ஒரு சுள்ளியோடும் அவள் முன் வந்து நின்றிருந்தான்.

"நான் ஒளிவுமறைவு இல்லாம எல்லாத்தையும் எழுதப்போறேன்" என்றாள் மிளகி. நத்தை எழுதியது:

'இடக்கொடுக்கு சின்னது. காலையில் கோபம் வரும். புங்கமர வேருக்கடியில் தனியாக இருக்கிறேன். வெள்ளிக்கிழமை பழைய மேலோட்டைக் கழற்றுவேன். அன்று முழுக்க உடம்பு வெண்ணெய்போல இருக்கும். கடிக்கவும் முடியாது, ஓடவும் முடியாது.'

பக்கத்து மடுவில் இருந்த கெளுத்தி மீன் மீசை துடிக்க வந்தாள். "அடியே, கோபம் வரும்னு சொன்னது சரி. வீடு எங்கே, என்னைக்கு பலமில்லாம கிடப்பேன்னு ஊருக்கே சொல்லணுமா?"

"மறைச்சா அதுவும் பொய்தானே அக்கா?"

மறுநாளே பதில் வந்துவிட்டது. 'நானும் நண்டுதான். மெத்தென்ற நண்டு என்றால் எனக்கு உயிர். வெள்ளிக்கிழமை வருகிறேன். மேலோட்டைக் கழற்றிவிட்டே காத்திரு.'

மிளகிக்குத் தலைகால் புரியவில்லை. பக்கவாட்டிலேயே நடந்து பழகியவள், அன்று நேராகக்கூட நாலு அடி வைத்துவிட்டாள்.

"முதல்ல ஆளைப் பத்தி ஏதாவது கேளுடி" என்றாள் கெளுத்தி. மிளகி வேண்டாவெறுப்பாக, 'உங்களுக்கு எத்தனை கால்?' என்று எழுதச் சொன்னாள். 'நான்கு' என்று பதில் வந்தது.

"பாத்தீங்களா அக்கா! பத்துல ஆறு போயிருக்கு, பாவம். அதைக்கூட மறைக்கல!"

தலையில் அடித்துக்கொள்ளக் கை இல்லாததால், கெளுத்தி வாலால் தண்ணீரை அடித்தாள்.

வெள்ளிக்கிழமை மிளகி மேலோட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் காத்திருந்தாள். வளைவாசல் இருண்டது. ஈரமூக்கு ஒன்று நுழைந்தது. பின்னாலேயே மீசை, அதற்கும் பின்னால் வரிசையாகப் பல். வந்தது நீர்நாய்!

"கண்ணே, வந்துட்டேன். கழட்டியாச்சா?"

மிளகிக்கு உயிரே போய்விட்டது. இருந்த பயத்தில் வேர் இடுக்கில் உடம்பைத் திணித்தாள். மேலோடு இருந்திருந்தால் அந்த இடுக்கில் ஒரு கொடுக்குகூட நுழைந்திருக்காது. வெண்ணெய் உடம்பு முழுசாக வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. நீர்நாய் கையை உள்ளே விட்டுத் துழாவி, அகப்பட்ட வெறும் மேலோட்டை இழுத்துக் கடித்தது. வாயெல்லாம் கீறல்.

"மெத்துனு இருப்பேன்னு எழுதியிருந்தாளே, பொய்க்காரி!" என்று துப்பிக்கொண்டே போனது.

உடம்பு கெட்டிப்பட்டதும் மிளகி நத்தையிடம் ஓடினாள். "கொடுக்கும் கோபமும் இருக்கட்டும். மத்ததெல்லாம் அழிச்சிடு. சந்திக்கிறது பகல்ல, கெளுத்தி அக்கா மடுவுலன்னு போடு."

சில நாளில் ஒரு நண்டு வந்தான். ஒரு கண் மங்கல் என்று எழுதியிருந்தான், மங்கலாகத்தான் இருந்தது. கெளுத்தி அக்கா கண்முன்னே இருவரும் வெகுநேரம் பேசினார்கள்.

"உங்க வளை எந்தப் பக்கம்?" என்று அவன் கேட்டான்.

"அதைப் போகப் போகச் சொல்றேனே."

"சரிங்க, நானும் அப்பவே சொல்றேன்" என்றான். அந்தப் பதிலிலேயே மிளகிக்கு அவனைப் பிடித்துவிட்டது.

நம்மைப் பற்றிச் சொல்வதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். ஆனால் உண்மை எல்லாவற்றையும் முகம் தெரியாதவரிடம் சொல்லிவிடக் கூடாது.